சந்தேகப் பந்து வந்தவுகளுக்கு

எங்கள் டென்னிஸ் மைதானத்தில் ஒரு சட்டம் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டால், எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் சரி, யார் அடித்திருந்தாலும் சரி, வெளியூரிலிருந்து வந்தவருக்குத்தான் பாயிண்ட். யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "வந்தவுகளுக்கு!" என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. உள்ளூர்க்காரர்களே இரண்டு பக்கமும் ஆடும்போது சந்தேகம் வந்தால் சட்டம் ஒன்றும் இல்லை, சண்டை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். யார் தொண்டை பெரிதோ அவருக்குப் பாயிண்ட்.

இதற்குக் காரணம் ஒரு கல்யாணம் என்பார்கள். மைதானம் இருந்தது காரைக்குடியில் எங்கள் உறவுக்காரர்களின் பெரிய வீட்டுக்குப் பின்னால். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடு. பங்காளிகள் பல பேருக்குப் பாத்தியப்பட்டது. பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் மலேயாவில். கல்யாணம் என்றால்தான் எல்லாரும் வந்து இறங்குவார்கள், பூட்டுகள் எல்லாம் திறக்கும். அப்படி ஒரு கல்யாணத்தின்போது, சாயங்காலம் பொழுது போகாமல் இரண்டு வீட்டு இளவட்டங்களும் டென்னிஸ் ஆடியிருக்கிறார்கள். ஒரு பந்தில் தகராறு. மாப்பிள்ளையின் தம்பி பலகாரம்கூடச் சாப்பிடாமல் போய்க் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். பெண் வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் காரைச் சுற்றி நின்று கெஞ்சி அவரை இறக்கினார்களாம். அன்றைக்கு வந்த சட்டம் இது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, டென்னிஸ்தான் கெட்டுப்போனது.

தரை சரளை மண், மேலே சாணி மெழுகல். கோடுகளைச் சுண்ணாம்புத் தூளால் போடுவோம். எங்கள் ஊர்ச் சித்திரைக் காற்றுக்குச் சாயங்காலத்துக்குள் பாதிக் கோடு பறந்துபோய்விடும். அதனால் இரண்டு பந்துக்கு ஒன்று சந்தேகப் பந்தாகத்தான் இருக்கும். யார் 'வந்தவுக' என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கோவிலூரிலிருந்து சைக்கிளில் வந்தால் உள்ளூர்க்காரன். தேவகோட்டையிலிருந்து வந்தால் விருந்தாளி. பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாலே விருந்தாளிதான். தேவகோட்டைக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு எங்களை வந்து வந்து ஜெயித்துவிட்டுப் போவார்கள். போகும்போது மோர் வேறு குடித்துவிட்டுப் போவார்கள்.

நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. நானும் என் கூட்டாளியும் காரைக்குடியிலேயே கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். கல்லூரி அணியில் நாங்கள் இருவரும்தான் ஜோடி. இரண்டு பேரில் நல்ல ஆட்டக்காரன் அவன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கும்தான். நான் கோபத்தில் ஆடுவேன். நாலு பந்து நன்றாகப் போனால் ஐந்தாவது பந்து பின்வாசலைத் தாண்டித் தெருவில் போய் விழும். அவன் ஓடுவது தெரியாமல் ஓடுவான். பந்து வந்து விழுமிடத்தில் அதற்கு முன்பே நின்றுகொண்டிருப்பான்.

அவனுடைய அத்தா பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வரும்போது மகனுக்கு ஒரு டென்னிஸ் மட்டையும், டின்னில் அடைத்த பந்துகளும் கொண்டுவருவார். அந்த டின்னைத் திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தமும் புது ரப்பர் வாசமும் வரும். மைதானத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் அதற்காகவே கூடி நிற்போம். மகன் ஆசைப்படுகிறான் என்று வாங்கி வந்தார், அவ்வளவுதான். அது இவ்வளவு தூரத்துக்குப் போகும் என்று அந்த மனிதர் நினைத்திருக்க மாட்டார்.

அந்த வருஷம் பங்குனியில் அவர் வந்தது மகனை அழைத்துப் போக. பரீட்சை முடிந்ததும் ஒரு நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய அம்மா, ரவையும் முட்டையும் போட்டுச் செய்த இனிப்பைத் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அத்தா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. நான் இவனை வையல. விளையாட்டுல சோறு இருக்குன்னா இவன் நல்லாச் சாப்பிடட்டும். ஆனா எனக்கு முழங்கால் போச்சு. கடையில ஏணியில ஏறிச் சாமான் எடுக்க முடியல. ஆனி மாசம் கப்பல். அதுக்குள்ள ரயில்வேயோ பாங்கியோ மில்லோ, யாராச்சும் இவனை ஆட்டத்துக்காக வேலைக்கு எடுத்துக்கிட்டா, இவன் இங்குட்டே இருக்கட்டும். இல்லையின்னா எங்கூட வரட்டும். நான் சொல்றதுல தப்பு இருக்கா?"

தப்பு இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இல்லாததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வாயில் இனிப்பு வேறு இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கோடையில் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போட்டிகள் நடக்கும். சமவெளியில் தொடங்கி, வெயில் ஏற ஏற மலைக்கு ஏறிவிடும். ரயில்வே, பாங்கி, மில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். நன்றாக ஆடுகிற கல்லூரிப் பையன்களைத் தங்கள் அணிக்காக வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதுவரை அந்தப் போட்டிகளில் சம்பளத்துக்கு ஆடுபவர்களைச் சேர்க்க மாட்டார்கள். பெரிய கிளப்புகளில் உறுப்பினர்களோடு ஆடுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள், மார்க்கர் என்று பெயர். தொழில்முறை ஆட்டக்காரர் என்பதால் அவருக்குப் போட்டிகளில் இடம் கிடையாது. அந்தக் கோடையில்தான் சில இடங்களில் கதவைத் திறந்துவிட்டார்கள். பரிசுப் பணம் உண்டு, யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று அறிவித்தார்கள். எங்களைப் போன்ற கல்லூரிப் பையன்களுக்கு ஒரே சந்தோஷம். பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடப்போகிறோமாம். அவர்கள் எங்களை எதற்காக எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள் என்பது போய் ஆடிய பிறகு தெரிந்தது.

முதல் போட்டி மதுரையில். தகரப் பெட்டி ஒன்று, மட்டைகள் வளைந்துவிடாமல் இருக்க மரச்சட்டத்தில் திருகி முடுக்கியபடி கையில். என் ஆத்தா கொடுத்த புளியோதரை பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. அவனுடைய சொந்தக்காரர் ஒருவரின் கடை மாடியில் தங்கிக்கொண்டோம்.

பெரிய ஆட்டங்களுக்குத்தான் நடுவர் உட்காருவார். எங்கள் ஆட்டங்களுக்கு நாங்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவர் பார்த்துக்கொள்வது. இங்கேதான் எங்கள் ஊர் புத்தி வேலை செய்தது. எதிரில் நிற்பவர் வெளியூர்க்காரர் என்று கண்டதுமே என் கை தானாக மேலே போய்விட்டது. என் பக்கம் விழுந்த பந்து, அவர் பக்கம் விழுந்த பந்து, கொஞ்சம் சந்தேகமானாலும் எல்லாம் அவருக்கு. அவர் முதலில் ஆச்சரியப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார், பிறகு எதிர்பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். நான் முதல் ஆட்டத்திலேயே மூட்டையைக் கட்டினேன். கூட்டாளி இரண்டாவது ஆட்டத்தில் தோற்றான். ஜோடியாக ஆடியதிலும் தோற்றோம். பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பிகளா, நீங்க விளையாட வந்தீகளா, இல்ல பந்தி வைக்க வந்தீகளா?"

எனக்கு வந்த கோபத்தில் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன். கூட்டாளி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் அவன் ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு திடீரென்று என் தொடையில் ஒரு அடி அடித்தான்.

"மாப்ள, நாம தப்பாக் கணக்குப் போட்டுட்டோம்டா. மதுரையில நாமதான வெளியூரு? நாமதான வந்தவுக? சந்தேகப் பந்து எல்லாம் நமக்கில்ல சேரணும்!"

இதைச் சொன்னவன் பி.ஏ. பரீட்சை எழுதியவன். கேட்டுக்கொண்டிருந்தவனும் எழுதியவன்தான். அப்போது அது எங்கள் இருவருக்கும் ரொம்ப நியாயமாகப் பட்டது. இத்தனை வருஷமாகத் தேவகோட்டைக்காரனுக்குக் கொடுத்ததை எல்லாம் இனி வசூல் பண்ணிவிட வேண்டியதுதான் என்று நான் வேறு ஏற்றிவிட்டேன்.

திருச்சியில் அவன் நன்றாக ஆடினான். இரண்டு ஆட்டங்கள் ஜெயித்தான். மூன்றாவது ஆட்டத்தில் எதிரே வந்தவர் கோயமுத்தூர்ப் பக்கத்து கிளப் மார்க்கர். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் பட்டுக் கைக்குட்டை, முழங்காலில் துணிக்கட்டு, நடையில் ஒரு மிடுக்கு. இத்தனை வருஷம் உறுப்பினர்களை ஜெயிக்க விட்டு ஜெயிக்க விட்டு அலுத்துப்போன மனிதர். முதல் தடவையாக அவரைத் தனக்காக ஆட அனுமதித்திருக்கிறார்கள். ஒரு பந்தை விடுவாரா?

முதல் செட்டின் நடுவில் கூட்டாளி அடித்த பந்து ஒன்று அவர் பக்கத்துக் கோட்டை ஒட்டி விழுந்தது. அவர் "அவுட்" என்றார். ஆனால் குரலில் கொஞ்சம் இழுவை இருந்தது. கூட்டாளி வலைக்கு நடந்து போய் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"சார், அது சந்தேகப் பந்து. எனக்குத்தான் சேரணும்."

"ஏன்?"

"நான் வெளியூரு சார். வந்தவுகளுக்குத்தான் குடுப்பாக."

அந்த மனிதர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறானா என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார். இவன் முகத்தில் கிண்டலே இல்லை.

"ஏந்தம்பி, நானென்ன இந்த ஊரா? கோயமுத்தூர்ல இருந்து வாரேன். தூரம் பாத்தா எனக்குத்தான சேரோணும் பாயிண்டு?"

இவன் யோசித்தான். உண்மையிலேயே நின்று யோசித்தான். காரைக்குடிக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம், கோயமுத்தூருக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம் என்று. வேலிக்கு வெளியே இருந்து நான், "அவருக்கு நேரா ரயில் இருக்குடா! நமக்குப் பஸ்ஸுதான்!" என்று கத்தினேன். பக்கத்து மைதானங்களில் ஆட்டம் நின்றுபோனது. போட்டியை நடத்தும் பெரியவர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசியில் அந்தப் பந்தைத் திரும்ப ஆடச் சொன்னார்கள். திரும்ப ஆடியதிலும் கோயமுத்தூர்க்காரர்தான் ஜெயித்தார், ஆட்டத்தையும் அவர்தான் ஜெயித்தார்.

ஆனால் சாயங்காலம் அவரே எங்களைத் தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் சட்டம் பிறந்த கல்யாணக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எதற்காக இப்படி ஊர் ஊராக அலைகிறீர்கள் என்று கேட்டார். கூட்டாளி சொன்னான். கப்பல், ஆனி மாசம், அத்தாவின் முழங்கால், எல்லாம். அவர் தன் முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டார். தனக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்று மட்டும் சொன்னார். அதை எதற்குச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசிப் போட்டி கொடைக்கானலில். வைகாசி முடியப் போகிறது, இதை விட்டால் வேறு போட்டி இல்லை. எங்கள் ஊர்க் காந்தலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஸ்வெட்டர் ஒன்றுதான் இருந்தது. ஆடுகிறவன் கழற்றிக் கொடுத்தால் உட்கார்ந்திருப்பவன் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. நான் வழக்கம்போலச் சீக்கிரமே தோற்றுப்போனதால் ஸ்வெட்டர் பெரும்பாலும் என்னிடம்தான் இருந்தது.

அவன் அங்கே ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மலைக்காற்றில் பந்து எப்படிப் போகிறது என்பதை முதல் நாளே பிடித்துக்கொண்டான். வந்தவுக, போனவுக என்ற பேச்செல்லாம் விட்டாயிற்று. தன் பக்கம் விழுந்ததைக் கண்ணால் பார்த்து, பார்த்ததைச் சொன்னான். மற்றவர் பக்கம் விழுந்ததை அவர் சொன்னபடி எடுத்துக்கொண்டான். ஒரு பாங்கி ஆட்டக்காரரை ஜெயித்தான். முந்தின வருஷம் பல்கலைக்கழக அணியில் ஆடிய பையன் ஒருவனை ஜெயித்தான். மறுநாள் ஆட்டத்துக்கு ஒரு பெரிய மில்லின் அதிகாரி வந்து பார்க்கப் போகிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். மில்லில் ஒரு இடம் காலியாக இருக்கிறதாம், ஜெயிக்கிற பையனைக் கூப்பிட்டுப் பேசுவாராம். அவன் அன்று சாப்பிடவில்லை. நான் அவனுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன், பதற்றத்தில்.

மறுநாள் எதிரே வந்து நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கோயமுத்தூர்க்காரர்தான். பட்டுக் கைக்குட்டை, முழங்கால் கட்டு எல்லாம் அப்படியே. இரண்டு பேரும் வலையில் கைகொடுத்துக்கொண்டார்கள். அவர் இவன் தோளைத் தட்டினார். மில் அதிகாரி குரங்குக் குல்லாவும் நீளக் கோட்டும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குல்லாவைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று குன்றக்குடி முருகனை வேண்டிக்கொண்டேன்.

முதல் செட் இவனுக்கு. குல்லாக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். நான் ஸ்வெட்டரின் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது செட்டில் அந்த மார்க்கர் ஓடுவதை நிறுத்திவிட்டார். நின்ற இடத்தில் நின்றுகொண்டு, பந்தை வெட்டி வலைக்குப் பக்கத்தில் செத்துப்போக விடுவார். இவன் பாய்ந்து ஓடி எடுப்பான். அடுத்த பந்து இவன் தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டுக்குள் விழும். இவன் திரும்பி ஓடுவான். முன்னால், பின்னால், முன்னால், பின்னால். மெலிசான மலைக்காற்றில் இவனுக்கு இரைப்பு வாங்கியது எனக்கு வேலிக்கு வெளியே கேட்டது. இரண்டாவது செட் அவருக்கு.

மூன்றாவது செட்டில் நான் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகப் பந்து விழட்டும். விழுந்தால் வேலியைத் தாண்டிக் குதித்து, காரைக்குடிச் சட்டம் என்ன என்பதை அந்தக் கொடைக்கானல் முழுவதற்கும் கேட்கும்படி கத்துவது என்று தயாராக இருந்தேன். நாங்கள்தான் பஸ்ஸிலும் வந்து, லாரியிலும் வந்து, மிச்சத்துக்கு நடந்தும் வந்தவர்கள். எங்களைவிட வந்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

ஒன்றுகூட விழவில்லை. அவர் அடித்த பந்தெல்லாம் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. இவன் அடித்ததில் உள்ளே போனதும் தெளிவாகப் போனது, வெளியே போனதும் தெளிவாகப் போனது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் நல்ல ஆட்டக்காரர், அதனால் ஜெயித்தார். இதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

முடிந்ததும் அவர் வலையைச் சுற்றிக்கொண்டு வந்து இவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஆட்டம் இருக்குது தம்பி உங்கிட்ட. இன்னும் ஒரு வருசம் ஆடுனீன்னா என்னைய மாதிரி ஆளெல்லாம் உம்முன்னால நிக்க முடியாது" என்றார். இவனுக்குக் கப்பல் காத்திருப்பது தெரிந்தும் ஜெயித்தவர் அவர். தோற்றுக்கொடுக்கிற வேலையை வயிற்றுக்காக இத்தனை வருஷம் செய்தவரை, இன்னொரு தடவை செய்யச் சொல்ல யாருக்கு வாய் வரும்? பரிசுப் பணம் அவர் வீட்டுக்கும் வேண்டியிருந்தது. மூன்று பெண் பிள்ளைகள் என்று அவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மில் அதிகாரியும் எழுந்து வந்தார். குல்லாவைக் கழற்றிவிட்டு, "ரொம்ப நல்லா ஆடினீங்க தம்பி, அடுத்த வருஷம் கட்டாயம் வாங்க, பாப்போம்" என்றார். நல்ல மனிதர்தான். எல்லாரும் நல்ல மனிதர்கள். அடுத்த வருஷம் என்ற ஒன்றுதான் எங்களிடம் இல்லை.

ஆனியில் நாகப்பட்டினத்துக்கு நானும் கூடப் போனேன். கப்பல் கடலில் தள்ளி நிற்கும், கரையிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவனுடைய அத்தா ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்ததைப் பார்த்தபோது அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. "தம்பி, நல்லா இருங்க. ஆத்தா அப்பச்சிக்குச் சலாம் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். கூட்டாளி தன் மட்டையை, மரச்சட்டத்தோடு, என் கையில் கொடுத்தான்.

"அங்குட்டு இதுக்கு வேலை இல்லடா. நீ வச்சு ஆடு. வந்து வாங்கிக்கிறேன்."

"அது பினாங்கு மட்டைதானேடா. அதை ஏன் இங்குட்டு விட்டுட்டுப் போற?"

"அதாவது இங்குட்டு இருக்கட்டும்."

படகு ஆடிக்கொண்டே போனது. அவன் திரும்பிப் பார்த்தானா என்று தெரியவில்லை. கூசுகிற வெயிலில் எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். சுமை தூக்குகிறவர் ஒருவர், "யாரு தம்பி, அண்ணனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வந்தது எழுபதுகளின் பின்பாதியில், தங்கச்சியின் நிக்காஹ்வுக்கு. அத்தா அங்கேயே மவுத்தாகிவிட்டார். கடை இவன் தலையில். நான் காரைக்குடியிலேயே ஒரு பாங்கியில் வேலைக்குச் சேர்ந்து, தொப்பையும் வைத்து, கோபத்தை மட்டும் குறைக்காமல் இருந்தேன். அவன் மினுமினுக்கும் சட்டை போட்டுக்கொண்டு, ஏலக்காய் வாசத்தோடு வந்தான். நிக்காஹ் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவன், காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, எவனைப் பாத்தாலும் 'எப்ப வந்தீக'ங்குறான். அடுத்த வார்த்தை 'எப்பப் போறீக'. அம்மா எனக்கு விருந்தாளிக்கு எடுக்குற பீங்கான் தட்டுல சோறு வைக்கிறாகடா. என்னோட பழைய தட்டு எங்கன்னு கேட்டா, உனக்கு எதுக்கு அதுங்குறாக."

உள்ளே போய் மட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். நரம்பு இரண்டு தடவை அறுந்து நான் மாற்றியிருந்தேன். மரச்சட்டத்தில் வைத்துத் திருகியே வைத்திருந்ததால் ஒரு வளைவு இல்லை. அவன் அதை வாங்கிக் கைப்பிடியை மூக்கில் வைத்து மோந்து பார்த்தான்.

மைதானம் அப்படியே இருந்தது. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் கோடைப் போட்டிகளுக்குத்தான் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவனை அவர்களுக்குத் தெரியாது. பினாங்கிலிருந்து வந்திருக்கிறார் என்று நான் சொன்னதும், "வாங்க, வாங்க, எப்ப வந்தீக?" என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். ஜோடி பிரித்தோம். அவனும் ஒரு பையனும் ஒரு பக்கம், நானும் இன்னொரு பையனும் எதிர்ப்பக்கம்.

முதலில் அவனுக்குக் கை வரவில்லை. மூச்சு வாங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பந்து விழுமிடத்துக்கு அதற்கு முன்பே போய் நிற்க ஆரம்பித்தான். நான் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவனுக்கு வயிறு போட்டிருந்தது, தலையில் முடி கொட்டியிருந்தது, ஆனாலும் ஓடுவது தெரியாமல்தான் ஓடினான்.

பொழுது சாய்கிற நேரம். நான் ஓங்கி அடித்த பந்து அவன் பக்கத்து ஓரக்கோட்டில், அதாவது கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், போய் விழுந்தது. சுண்ணாம்பு மத்தியானமே பறந்துபோயிருந்தது. உள்ளேயா வெளியேயா, ஆண்டவனுக்குத்தான் தெரியும். பையன்கள் இருவரும், அவன் பக்கத்துப் பையனும் என் பக்கத்துப் பையனும், ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

"வந்தவுகளுக்கு!"

அவன் குனிந்து பந்தை எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அந்த முகம் சுண்டிப்போனதை நான் வலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். நாகப்பட்டினத்தில் படகில் ஏறும்போதுகூட அவன் முகம் அப்படி இருக்கவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"யாருடா வந்தவுக?" என்று கத்தினேன். "அவன் இந்த ஊர்க்காரன்டா! உங்களுக்கெல்லாம் முன்னால இந்த மண்ணுல ஆடுனவன். பந்து உள்ள விழுந்துச்சு. பாயிண்ட் எங்களுக்கு!"

என் பக்கத்துப் பையன் பயந்துபோனான். "அண்ணே, அவுக பினாங்குலேருந்து வந்திருக்காக..."

"எங்குட்டுலேருந்து வந்தா என்னடா? உள்ளூர்க்காரனுக்கு எதுக்குடா விட்டுக்குடுக்கணும்? பாயிண்ட் எங்களுக்குத்தான்!"

கூட்டாளி வலைக்கு வந்தான். மட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"டே, உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சாடா? பந்து வெளிய விழுந்துச்சுடா! இந்தா, தடம் கிடக்கு, வந்து பாரு!"

"தடமா? அது உன் காலு பட்ட தடம்டா!"

"நீ எப்பவுமே அழுகுணி ஆட்டந்தானடா ஆடுவ!"

பையன்கள் எங்களைப் பிரித்துவிடப் பார்த்தார்கள். முடியவில்லை. பின்வாசல் வழியாகத் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் என்னைவிடப் பெரிய தொண்டையில், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, அதைத் துடைக்காமலே, வெளிய வெளிய என்று கத்தினான். தொண்டை பெரிதானவனுக்கு என்ற எங்கள் உள்ளூர்க் கணக்குப்படி பார்த்தால் அந்தப் பாயிண்ட் அவனுக்குத்தான் சேர வேண்டும். நான் கொடுக்கவில்லை.